புள்ளையக் கூட்டிட்டு வரப் போறனுங்க

அந்தப் பையை மேல வெக்க வேண்டாங்க, காலுக்கடியிலயே கெடக்கட்டும். பாக்கத்தான் பெருசு, கனமே இல்ல. வெறும் பை. அதுக்குள்ள இன்னொரு பையை மடிச்சு வெச்சிருக்கறேன், அதுவும் வெறும் பைதான். திரும்பி வர்றப்பத்தான் ரெண்டும் ரொம்பும். எம்புள்ளையக் கூட்டிட்டு வரப் போறனுங்க. திருநெல்வேலிப் பக்கம் ஒரு காலேஜுல சேத்திருந்தோம். இந்த வண்டியில மதுரை, அங்கிருந்து வேற வண்டி.

நீங்க எதுவரைக்கும்? திண்டுக்கல்லா. சரிங்க.

உங்களுக்குப் படிக்கிற வயசுல புள்ளைங்க இருக்குதுங்களா? பையன் பன்னெண்டாவதா! அப்ப நீங்க இதைக் கேட்டே ஆகோணும். தப்பா நெனைக்காதீங்க, எனக்கும் வாயை மூடிட்டு உக்காந்திருந்தா நெஞ்சு படபடங்குது. பேசிட்டு வந்தாச் சித்த பரவால்ல.

எனக்குத் திருச்செங்கோட்டுப் பக்கங்க. சென்னியப்பன்னு பேரு. ரிக் வண்டில இருந்தவன், போர் போடற வண்டி. எங்கூர்ல ஊட்டுக்கு ஒருத்தன் அதுல போயிருப்பான். மத்தியப்பிரதேசம், சட்டீஸ்கர், ராஜஸ்தான்னு எங்க வேணாலும் போயிருக்கறனுங்க. பாஷை தெரியாது, பாதை தெரியாது. காட்டுக்குள்ள வண்டி நின்னுபோயிரும், சுத்தியும் ஒரு வெளிச்சம் இருக்காது, வண்டில கெடக்கற இரும்பு ராடு மேலயே படுத்துத் தூங்கிருவேன். பயம்னு ஒண்ணு மனசுக்குள்ள வந்ததே இல்ல. முட்டி போனப்பறம் ஊரோட இருக்கறேன், கம்ப்ரசர் ரிப்பேர் பட்டறையில வேலை.

எனக்கு ஒரே புள்ள. சிந்துஜா. சிந்துன்னு கூப்புடுவோம். கவர்மெண்டு பொம்பளப்புள்ளைங்க ஸ்கூலு, தமிழ் மீடியம். பரிச்சை ரிசல்ட்டு வந்த அன்னைக்கு டீச்சரே ஊட்டுக்கு வந்து, "சென்னியப்பன் சார், இவளை இஞ்சினியரிங் கவுன்சிலிங்ல போடுங்க, நல்ல காலேஜே கெடைக்கும்"னு சொல்லிட்டுப் போனாங்க. எங்கூட்டுக்காரி ருக்குமணி தெருவே கேக்கற மாதிரி சிரிச்சா. எனக்கு மட்டும் சிரிப்பு வரலீங்க. ஏன்னு கேளுங்க. எங்கண்ணன் பையன் இருக்கறான், தரணின்னு. அவனும் இப்படித்தான் போனான்.

தரணிதரன் எங்க குடும்பத்துல மொதல்ல காலேஜுக்குப் போனவன். ஸ்கூல்ல அவன்தான் முதல் மார்க். ஃப்ளெக்ஸ் வெச்சோம், அவன் போட்டோவுக்குக் கீழ எம்பேரும் போட்டிருந்தாங்க. மெட்ராசுல பெரிய காலேஜுல எடம் கெடச்சு, எங்கண்ணன் நல்லதம்பி கார் புடிச்சுக் கொண்டுபோய் உட்டுட்டு வந்தாரு. பொங்கலுக்கு முன்னாடி ஒருநாள் அவனா வந்து நின்னான். அப்ப மேல ரூமுக்குப் போனவந்தான். கீழ எறங்கறதே இல்ல. ஒரு சொல்லு பேசறதில்ல. சோறு கொண்டுபோய் வெச்சா திங்கறான், தட்டைக் கழுவி வாசப்படில வெச்சர்றான். அவ்வளவுதான். எங்கண்ணன் மொதல்ல மஞ்சக்காமாலைன்னு சொன்னாரு. அப்பறம் கம்ப்யூட்டர்லயே படிக்கிறான்னாரு. அப்பறம் ஊர்ல யாரும் கேக்கறதை உட்டுட்டாங்க.

அங்க என்ன ஆச்சுன்னு யாருக்கும் தெரியாதுங்க. அதான் எனக்குப் பயமே. அடிச்சாங்களா, ஏமாத்துனாங்களா, எதுனா பழக்கமா? என்னன்னு தெரிஞ்சா தடுக்கலாம். எதுன்னே தெரியாததை எப்படித் தடுக்கறது?

அதனால நான் ஒரு முடிவுக்கு வந்துட்டேன். எங்கூர்லருந்து கூப்பிடு தூரத்துல ஒரு காலேஜு இருக்குது. பஸ்சு எங்க தெருமுக்குக்கே வருது. காலைல ஏறுனா பொழுதோட ஊட்டுக்கு வந்தர்லாம். அதுல கம்ப்யூட்டர் எடுத்துக்கட்டும்னு சொன்னேன். சிந்து என்ன சொல்றா? "எனக்குக் கம்ப்யூட்டர் வேண்டாம்ப்பா, ட்ரிபிள் ஈ. திருநெல்வேலிப் பக்கம் நல்ல காலேஜு இருக்குது, போன வருச மார்க்கைப் பாத்தா எனக்குக் கெடைக்கும்."

"ட்ரிபிள் ஈன்னா?"

"கரண்டுப்பா."

"பொம்பளப்புள்ளைக்குக் கரண்டு எதுக்கு சாமி?"

"பொம்பளப்புள்ளை தொட்டாலும் அடிக்குதுல்ல, அதுக்குத்தான்."

வாய் அப்படிங்க அவளுக்கு. இந்த வாய் அங்க போயி என்னாகுமோன்னு எனக்கு இன்னும் கொஞ்சம் பயம். இதைப் பத்தி நான் கேக்காத ஆளில்ல. பட்டறை முதலாளி, "கரண்டுக்கு ஸ்கோப் இல்ல"ன்னாரு. பக்கத்து ஊட்டுக்காரரு, "தமிழ் மீடியமா? அங்க எல்லாம் இங்கிலீசுதான், முழிச்சுட்டு உக்காந்திருக்கும்"னாரு. ஒருத்தர், "ஹாஸ்டல்ல பொம்பளப்புள்ளையா"ன்னு கேட்டுட்டு மேல ஒண்ணுமே சொல்லல. மத்தவங்க சொன்னதை விட இவரு சொல்லாததுதான் எனக்கு ரொம்ப நாள் காதுலயே இருந்துச்சு.

அப்பத்தான் எனக்கொரு யோசனை வந்துச்சு. தரணிகிட்டயே கூட்டிட்டுப் போலாம். வேற யாரு சொல்லியும் கேக்காத புள்ள, அவனைக் கண்ணால பாத்தாப் பயந்துக்கும். பேச வேண்டியது கூட இல்ல, அவன் இருக்கற இருப்பைப் பாத்தாப் போதும். சரிதானுங்களே? நீங்களும் அதைத்தான் பண்ணியிருப்பீங்க.

ஒரு ஞாயித்துக்கெழமை மத்தியானம் போனோம். அண்ணி காப்பி போட உள்ள போனாங்க. "மேல போயி அண்ணனைப் பாத்துட்டு வா சாமி"ன்னு அனுப்புனேன். நான் மாடிப்படில பாதி ஏறி நின்னுட்டேன். ஒட்டுக்கேக்கறதுன்னு இல்லீங்க, புள்ளைக்கு எதுனா ஆயிருச்சுன்னா?

கதவு தெறக்கற சத்தம் கேட்டுச்சு. அப்பறம் சிந்து பேசறது கேட்டுச்சு. எப்படி இருக்கறீங்க, ஏன் இப்படி இருக்கறீங்கன்னெல்லாம் கேக்கல. நேரா விசயத்துக்குப் போயிட்டா.

"அண்ணா, இங்கிலீஷ்ல நடத்துனா நமக்குப் புரியுமா?"

பதில் வராதுன்னு நெனச்சேன். வந்துச்சுங்க. பேசியே பல நாளான ஒரு குரல்.

"புரியாது."

"எத்தனை நாளைக்கு?"

"தெரியல. நான் அதுக்குள்ள வந்துட்டேன்."

"ஹாஸ்டல்ல யாராவது எதுனா பண்ணுவாங்களா?"

"யாரும் ஒண்ணும் பண்ணல. எல்லாரும் நல்லவங்கதான். சாப்பாடும் பரவால்ல."

"பின்ன ஏண்ணா வந்துட்டீங்க?"

அதுக்குள்ள அண்ணி காப்பியோட வந்து எம்பின்னால நின்னாங்க. கை காட்டி நிறுத்துனேன். அவங்களும் அப்படியே நின்னு காது குடுத்தாங்க.

"மொத நாளு சார் வந்து, யாருக்காவது டவுட்டான்னு கேட்டாரு. எல்லாரும் இல்லைன்னு தலையாட்டுனாங்க. நானும் ஆட்டுனேன். அப்பறம் தினமும் ஆட்டுனேன். எங்க ஸ்கூல்ல எல்லாரும் எங்கிட்டத்தான் டவுட் கேப்பாங்க, சிந்து. எனக்குக் கேட்டுப் பழக்கமே இல்ல. மொத டெஸ்ட்டு பேப்பரை மடிச்சுக் குடுத்தாங்க. பிரிச்சுப் பாத்துட்டு மறுபடியும் மடிச்சுட்டேன். அப்பறம் கிளாசுக்குப் போகல. எலக்ட்ரிக் ட்ரெயின்ல ஏறி உக்காந்துக்குவேன். பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் போயிட்டுப் போயிட்டு வருவேன், காலேஜு விடற நேரம் வரைக்கும்."

"ஊட்டுல சொல்லலாம்ல?"

"அப்பா தினமும் போன் பண்ணுவாரு. 'நல்லாருக்கறயா?'ம்பாரு. 'நல்லாருக்கறேன்'ம்பேன். அப்படிக் கேட்டா வேற என்ன சொல்றது? ஒருநாள் ட்ரெயின்ல கதவோரமாவே நின்னுட்டிருந்தேன். ரொம்ப நேரம். ஒரு பூக்காரம்மா, 'உள்ள வா தம்பி'ன்னு கையைப் புடிச்சு இழுத்துச்சு. அன்னைக்குப் பொழுதோட பஸ் ஏறிட்டேன்."

எம்பின்னால காப்பித் தம்ளர் ஒண்ணோடொண்ணு இடிக்கற சத்தம் கேட்டுச்சு. என்னாலயும் திரும்பிப் பாக்க முடியல. காட்டுல ராடு மேல படுத்துத் தூங்குனவன் நான், அந்தப் படியில கம்பியைப் புடிச்சுக்கிட்டு நின்னேன்.

பாருங்க, தினமும் அத்தனை அக்கறையா விசாரிச்ச அப்பங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை பாருங்க. அதுதான் என் ஆதங்கம்.

கடைசியா சிந்து சொன்னா, "அப்பப் புரியலைன்னா ஒடனே சொல்லிரோணும்."

"யார்கிட்டயாவது சொல்லிரு. யாரும் இல்லைன்னா எங்கிட்டச் சொல்லு. நான் போனை ஆன் பண்ணி வெக்கறேன்."

இதையெல்லாம் கேட்ட புள்ள பயந்துக்கோணுமா இல்லையா? எறங்கி வந்தா. செருப்பை மாட்டிக்கிட்டே, "நான் திருநெல்வேலியே போடறேன்ப்பா"ங்கறா. எனக்குத் தலையே சுத்திருச்சு.

கவுன்சிலிங்ல லாக் பண்ற அன்னைக்கு நடந்ததையும் சொல்லிர்றேன். உங்களுக்கும் வரும் அந்த நாளு. எந்த காலேஜு, எந்தப் படிப்புன்னு வரிசையாப் போட்டு முடிச்சு, கடைசியா ஒரு ஓடிபி வரும். அதைப் போட்டுட்டா அவ்வளவுதான், மாத்த முடியாது. மூணு பேரும் கம்ப்யூட்டர் சென்டர்ல உக்காந்திருக்கறோம். போன் எங்கிட்ட. எந்நம்பரைத்தான் குடுத்திருந்தோம்.

"வந்துருச்சாப்பா?"

வந்துருச்சுங்க. கையிலயே வெச்சுப் பாத்துட்டிருக்கறேன். நம்பர் தெரியுது, வாய் வரமாட்டேங்குது. அந்த நம்பரைச் சொன்னா நானே எம்புள்ளையக் கையைப் புடிச்சு அந்த ட்ரெயின் கதவுகிட்ட நிறுத்தற மாதிரி இருக்குது. "இன்னும் வரலை சாமி"ங்கறேன்.

"மறுபடி அனுப்பறேன்ப்பா."

மறுபடியும் வந்துச்சு. நான் பேசல. அந்த நம்பருக்கும் நேரம் முடிஞ்சுபோச்சு. சிந்து திரும்பி எம்மூஞ்சியப் பாத்தா. கோபப்படுவான்னு நெனச்சேன், படல. அவ கண்ணுலயும் பயந்தாங்க இருந்துச்சு. "எனக்கும் பயமாத்தாம்ப்பா இருக்குது. பயம் போனப்பறம் போடலாம்னா தேதி போயிரும்"னா.

மூணாந்தடவை நம்பர் வந்ததுமே ருக்குமணி எங்கையிலருந்து போனைப் புடுங்கிட்டா. அவ அஞ்சாவதுதான் படிச்சவ. ஒவ்வொரு நம்பராக் கண்ணுகிட்டக் கொண்டுபோயி எழுத்துக் கூட்டற மாதிரிப் படிச்சா. புள்ள அமுக்குனா. முடிஞ்சுதுங்க. எங்கூட்டுக்காரிகிட்ட ரெண்டு நாள் நான் பேசல. பொம்பளைக்கு முன்யோசனை இல்லைங்கறது என் எண்ணம்.

கேட்ட காலேஜே கெடச்சுது. கொண்டுபோய் உட்டோம். ஹாஸ்டல் கேட்டுக்குள்ள போறப்பத் திரும்பிப் பாத்து சிரிச்சா. அந்தச் சிரிப்பு நெசமா, எங்களுக்காகவான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல.

நான் எங்கண்ணனாட்ட இருக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டனுங்க. அவரு ஒருநாளைக்கு ஒருக்காத்தான் போன் பண்ணுவாரு. நான் காலைல, மத்தியானம், பொழுதோடன்னு மூணு தடவை. போனை எடுத்ததுமே, "நல்லாருக்கறயா சாமி?" "நல்லாருக்கறேன்ப்பா." அந்தச் சொல்லு காதுல உளுந்தப்பறந்தான் எனக்கு மறு வேலை. ஒரு தடவை கூட உட்டதில்ல. அவளும் ஒரு தடவை கூட மாத்திச் சொன்னதில்ல.

நேத்தைக்கு மத்தியானம் நான் கூப்புடறதுக்கு முன்னாடி அவளே கூப்பிட்டா. பட்டறைல இருந்தேன், கையெல்லாம் ஆயில்.

"அப்பா, குறுக்க பேசாம கேளுங்க. நான் நல்லா இல்ல. கிளாஸ்ல பாதி புரியல. மேத்ஸ் டெஸ்ட்ல ஃபெயில் ஆயிட்டேன். தூக்கம் வரமாட்டேங்குது. ரொம்பப் பயமா இருக்குதுப்பா."

எனக்குக் கண்ணு முன்னால அந்த ட்ரெயின் கதவுதாங்க. "ஒண்ணும் வேண்டாம் சாமி, பொட்டியக் கட்டு, அப்பன் வர்றேன், கூட்டிட்டு வந்தர்றேன்"னேன்.

"அய்யோ, நான் அதுக்குச் சொல்லலைப்பா, எனக்கு வந்து..."

"நீ எதுக்கும் பயப்படாத. அப்பன் பாத்துக்கறேன்"னு போனை வெச்சுட்டேன். மேல பேசுனா நான் அழுதிருப்பேன், அது புள்ளைக்குக் கேக்கக் கூடாதுல்ல. அவ மறுபடி கூப்பிட்டா. எடுக்கலீங்க.

நேரா எங்கண்ணன் ஊட்டுக்குப் போனேன். "உங்க பையனுக்கு ஆனதேதான் எம்புள்ளைக்கும் ஆயிருச்சு"ன்னு வாசல்லயே நின்னு கத்திட்டேன். எங்கண்ணன் பாவம், அப்படியே சேர்ல உக்காந்துட்டாரு. அப்ப மாடிப்படில காலடிச் சத்தம். தரணி எறங்கி வர்றான். சட்டை போட்டு, தலை சீவி. அண்ணி வாயைப் பொத்திக்கிட்டாங்க. வெயில்ல நிக்கற மாதிரிக் கண்ணைச் சுருக்கிட்டு நிக்கறான்.

"சித்தப்பா, அவ சொல்லிட்டாளா?"

"சொல்லிட்டாடா. நான் போயிக் கூட்டிட்டு வந்தர்றேன்."

"எங்கிட்டயும் சொன்னா. போன வாரமே. உங்ககிட்டயும் சொல்லுன்னு நாந்தான் சொன்னேன்." சட்டைக் கையை மடிச்சுட்டே, "நானும் வர்றேன்"னான்.

அதைக் கேட்டதும் எங்கண்ணன் எந்திரிச்சுப் போயி பையனோட செருப்பைத் தேடறாரு. எங்கயோ அடியில கெடந்துச்சு, தூசி. தம் துண்டுலயே தொடச்சுக் கொண்டாந்து அவங்காலுகிட்ட வெச்சாரு.

அதோ, முன்னால, ஜன்னலோரம், ஊதாச் சட்டை. அவந்தாங்க. லக்கேஜ் தூக்க ஒரு ஆளாச்சுன்னு நானும் சரின்னுட்டேன். ஆனா அவன் ஒரு பை கொண்டாந்திருக்கறான் பாருங்க, அப்பா, என்ன கனம்! எல்லாம் புஸ்தகம். அவன் மொத வருசத்துப் புஸ்தகம். "கூட்டிட்டு வர்றதுக்கு எதுக்குடா புஸ்தகம்?"னு கேட்டா, "இருக்கட்டும் சித்தப்பா"ங்கறான். "ரெண்டு நாள் தங்கற மாதிரி இருக்கும்"ங்கறான். நான் மாத்துத்துணி கூட எடுத்துட்டு வரலீங்க.

கரூர் தாண்டுனதுலருந்து போன்ல பேசிட்டே வர்றான். சிந்துகிட்டத்தான். கூட்டத்தைப் பாத்தா இன்னும் அவனுக்கு ஒத்துக்கறதில்ல, கண்டக்டர் பக்கத்துல வந்தாலே ஒடுங்கிக்கறான். பேச்சை மட்டும் நிறுத்தலை. நானும் காது குடுத்துப் பாத்தேன். இன்டக்ரேசன்ங்கறான், லிமிட்டுங்கறான், "அந்த ஸ்டெப்பைச் சாரே போர்டுல போட மாட்டாரு, அதான் உனக்குத் தெரியலை"ங்கறான். நடுவுல ஒருக்கா சிரிச்சான். அவன் சிரிச்சு எத்தனை காலம் ஆச்சுங்க. ஆனா ஊருக்குத் திரும்பி வர்றதைப் பத்தி ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசக் காணோம். எத்தனை மணிக்கு பஸ்சு, பொட்டி கட்டியாச்சா, ஒண்ணும் இல்ல. விசிட்டர் ரூமுல டேபிள் இருக்குதான்னு கேக்கறான்.

திண்டுக்கல் வந்துருச்சுங்களா? எறங்கோணுமா நீங்க?

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், சொல்லிட்டு எறங்குங்க. உங்களுக்கும் பையன் இருக்கறான். நான் இத்தனை தூரம் போயி, அவ வரமாட்டேன்னுட்டா என்னங்க பண்றது? அங்கயே உட்டுட்டு வர்றதுங்களா? பயமா இருக்குதுன்னு சொன்ன புள்ளையப் பயத்தோடயே உட்டுட்டு, நான் மட்டும் ஒத்தையா பஸ் ஏறி எப்படிங்க வருவேன்? மூணு நேரம் போன் பண்ணி என்னத்தைக் கேப்பேன்? எனக்கு வேற எப்படிக் கேக்கறதுன்னே தெரியாதுங்களே.

சரி சரி, விசில் அடிச்சுட்டான், நீங்க எறங்குங்க. ஒரு உபகாரம் பண்ணுங்க. போறப்ப அந்த ஊதாச் சட்டைக்காரன் தோளை மெதுவாத் தொட்டு, பயந்துக்குவான், மெதுவா, உங்க சித்தப்பனுக்குக் கை காலெல்லாம் வெடவெடங்குதாம், பக்கத்துல வந்து சித்த நேரம் உக்காருவியாமான்னு கேளுங்க.

ஒடனே வேண்டாங்க. புள்ளைகிட்டப் பேசி முடிச்சுட்டே வரட்டும்.